சைட்மேப்பில் ஒரு மரணம்

அத்தியாயம் 6

செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று பார்ப்பதற்காகவே ஒரு காப்புறுதிக் கம்பெனி நல்லமுத்துவுக்கு இருபத்திரண்டு வருடம் சம்பளம் கொடுத்தது. கடலில் மூழ்கியவன் ஈப்போவில் கோழிக்கடை வைத்திருப்பான். தீயில் கருகியவள் தங்கை வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். இவர் போய்க் கதவைத் தட்டுவார். அந்த வேலையை விட்டுவிட்டு, சுங்கை பினாங் பிளாட்டின் கீழ்த்தளத்தில், முடிவெட்டும் கடைக்கும் டோபிக் கடைக்கும் நடுவில் ‘நல்லமுத்து விசாரணை நிலையம்’ என்று பலகை மாட்டி ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் வந்த வழக்குகளிலேயே அவருக்குத் துளியும் பிடிக்காத வழக்கு இதுதான். திருடன் இல்லை, மோசடி இல்லை. ஒரு மகன் தன் அம்மாவுக்கு ஃபோன் செய்வதை நிறுத்திவிட்டான். அவ்வளவுதான்.

“ஏதாச்சும் தெரிஞ்சிச்சாண்ணே?” என்று கேட்டாள் பிரியந்தி. மூன்று நாளில் மூன்றாவது தடவையாக வந்திருந்தாள். வங்கிச் சீருடை கசங்கியிருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்துவிட்டாள்.

“உன் அண்ணன் வேலை செஞ்ச பழைய இடம், பழைய கூட்டாளிங்க எல்லாரையும் பாத்தாச்சும்மா. அருணன்னு கேட்டா ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி தெரியும்ங்கறாங்க. புதுப் பேரு தெரிஞ்சாத்தானே மேல தேட முடியும்?”

அந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அருணன் நஜ்வா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக மதம் மாறினான். பெயரும் மாறியது. என்ன பெயர் என்று கேட்கும் தைரியம் வீட்டில் எவருக்கும் இல்லை. அப்பா விஸ்வலிங்கம், ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க், எனக்கு மகன் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனால் அவர் சனிக்கிழமை மத்தியானம் நூல்நிலையத்துக்குப் போவார். சரியாக நாலு மணிக்கு, சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த சின்ன ஃபோன் அடிக்கும். ஞானாம்பிகை அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு பேசுவார். அவனை ‘ராசா’ என்றுதான் கூப்பிடுவார், அதனால் புதுப் பெயர் அவருக்கும் தேவைப்படவில்லை. எட்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

ஜூலை மூன்றாம் தேதி அம்மாளுக்கு நெஞ்சுவலி. பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. ஃபோன் அலமாரியிலேயே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தபோது ஐந்தாம் தேதியும் பன்னிரண்டாம் தேதியும் அவன் கூப்பிட்டிருந்தான். அதற்குப் பிறகு அழைப்பே இல்லை. திரும்பக் கூப்பிட்டால் அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது.

“நான் எடுக்கலைன்னு கோவிச்சுக்கிட்டான்னு சொல்லிச் சொல்லி அழறாங்கண்ணே. இப்ப ஃபோன ஒளிக்கறதுகூட இல்ல, தலகாணிக்குப் பக்கத்துலயே வச்சிருக்காங்க. அப்பா பாக்கறாரு, ஒன்னும் கேக்கறதில்ல.” பிரியந்தி மூக்கை உறிஞ்சினாள். “டாக்டர் வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்கன்னுட்டாரு. நாள் கணக்குதான். அவன வரச்சொல்லுன்னுகூட அம்மா கேக்கல. கோவம் போயிடுச்சான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொல்றாங்க.”

“பாஸ், டிஷ்யூ முடிஞ்சிருச்சு” என்றாள் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பிரமிளா. “டோபில கேட்டா துண்டு குடுப்பாங்க. யாரோட துண்டுன்னு மட்டும் கேக்கக்கூடாது.”

அழுதுகொண்டிருந்த பிரியந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகத்தான் நல்லமுத்து பிரமிளாவை வேலைக்கு வைத்திருந்தார். இருபத்தாறு வயது, கணினி தெரியும், வாய் ஓயாது. தனக்கு வராத ஒன்று அவளுக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டே யோசித்தார். “எட்டு வருஷம் விடாம கூப்பிட்டவன் ரெண்டு தடவ எடுக்கலைன்னா நிறுத்திருவானா? மூணாவது தடவ கூப்பிடுவான். நாலாவது தடவ பயந்துபோய் வீட்டுக்கே வந்துருவான். இப்படிப் பட்டுன்னு நிக்கணும்னா, ரெண்டு பேருல ஒருத்தர் செத்துருக்கணும்.”

“ஆறுதல் சொல்றதுல பாஸை அடிச்சுக்க பினாங்குல ஆளே கிடையாது” என்றாள் பிரமிளா.

“இரு. அவன் செத்திருந்தா நம்பர் ஒரு வாரத்துல சாகாது. ப்ரீபெய்ட் கார்டு, நாள் முடியற வரைக்கும் உயிரோட இருக்கும். இவங்க ஜூலை பத்தொன்பதாம் தேதி கூப்பிட்டப்பவே நம்பர் இல்ல. அவனே வெட்டியிருக்கான். அந்த நம்பர் அம்மாவுக்காக மட்டும் வச்சிருந்த நம்பர். அதுக்கு இனிமே வேலை இல்லைன்னு அவன் ஏன் நெனைக்கணும்?”

“ஏன்னா அம்மா…” என்று ஆரம்பித்த பிரியந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பிரமிளா, அம்மா பேர நெட்ல தட்டு. முழுப் பேரு.”

பிரமிளா தட்டினாள். ஏதோ கிண்டல் சொல்ல உதடு பிரிந்தது, அப்படியே நின்றுவிட்டது. கணினியை அவர்கள் பக்கம் திருப்பினாள். தேடுபொறி காட்டிய முதல் வரியே அதுதான். ‘அஞ்சலிமாடம்’ என்ற இணையதளம். ஞானாம்பிகை அம்மாள் பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

‘மரண அறிவித்தல். பினாங்கைப் பிறப்பிடமாகவும் வாழ்விடமாகவும் கொண்ட திருமதி ஞானாம்பிகை விஸ்வலிங்கம் ஜூலை 4 வெள்ளிக்கிழமை இறைபதம் அடைந்தார். அன்னார், ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க் விஸ்வலிங்கத்தின் அன்பு மனைவியும், பிரியந்தியின் பாசமிகு தாயாரும் ஆவார். இறுதிக் கிரியை விவரம் பின்னர் அறிவிக்கப்படும்.’

“அம்மா காலைல கஞ்சி குடிச்சுப் பசியாறுனாங்களே!” என்று அலறினாள் பிரியந்தி.

*

அஞ்சலிமாடத்தின் அலுவலகம் பர்மா ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. பிரியந்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் செங்குத்தான மரப்படிகளில் ஏறினார்கள். அதை நடத்துகிற ஸ்ரீகரனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் தன் தளத்தின் முகப்பைத் திரையில் திறந்து காட்டினான்.

“சான்ஸே இல்ல அங்கிள். முகப்பப் பாருங்க. இன்னிக்கு மூணு அறிவித்தல், நேத்து ரெண்டு. அந்த ஆண்டி பேரு எங்கயாச்சும் இருக்கா? மாட்டாத பக்கத்த யாரும் பாக்கவே முடியாது.”

“மாட்டாத பக்கம்னா?”

ஸ்ரீகரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு லண்டனிலும் டொரோண்டோவிலும் மெல்பர்னிலும் ஆட்கள். கண் மூடிய ஒரு மணி நேரத்தில் அறிவித்தல் வந்துவிட வேண்டும், அதைப் பார்த்துத்தான் அவர்கள் டிக்கெட் போடுவார்கள். உறவுமுறையில் ஒரு பெயர் விட்டுப்போனால் சாவு வீட்டிலேயே சண்டை வரும். அதனால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்த உடனே வீட்டில் ஒருவர் சத்தமில்லாமல் வந்து விவரம் கொடுத்துவிட்டுப் போவார்.

“நாங்க முன்கூட்டியே பக்கத்த ஏத்திருவோம். முகப்புல மாட்ட மாட்டோம். விலாசத்த மட்டும் வீட்டாளுங்களுக்கு அனுப்பி, எல்லாம் சரியான்னு பாக்கச் சொல்லுவோம். இறந்த தேதி போடலைன்னா பக்கம் ஏறாது, அதனால ஏத்துற அன்னிக்குத் தேதியச் சும்மா போட்டு வைப்போம். நேரம் வந்தா தேதிய மாத்தி முகப்புல மாட்டிருவோம். எல்லா வீட்டுக்கும் இப்படித்தான். யாரும் ஒன்னும் சொன்னதில்ல.”

“கதவில்லாத வீட்டுக்குள்ள தேடுபொறி எப்படிப் பூந்துச்சு தம்பி?”

 ஸ்ரீகரன் மெதுவாகச் சொன்னான். “சைட்மேப்.”

“அது என்ன?”

“பெரிய பிளாட்டுல கீழ பேர்ப்பலகை இருக்கும்லா, எந்தக் கதவுல யார் இருக்காங்கன்னு? அது மாதிரி தேடுபொறிக்கு ஒரு பட்டியல். நம்ம தளத்துல என்னென்ன பக்கம் இருக்கு, எப்ப மாத்துனோம்னு எழுதி வச்சிருவோம். அது வந்து படிச்சிட்டுப் போயிரும். முன்னெல்லாம் எங்க அறிவித்தல் யார் தேடுனாலும் மேலயே வராது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட குடுத்து சைட்மேப் செஞ்சு வாங்குனோம். மறுவாரத்துலேருந்து கனடாக்காரங்க எல்லாம் பேரத் தட்டியே வந்துட்டாங்க.”

“மாட்டாத பக்கமும் அந்தப் பட்டியல்ல ஏறுமா?”

“ஏறாது… ஏறக்கூடாது.” ஸ்ரீகரன் பட்டியலைத் திறந்தான். விலாசமும் தேதியுமாக நீளமாக ஓடியது. அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. ஞானாம்பிகை அம்மாளின் பக்கம், ஜூலை 4. அதற்குக் கீழேயும் மேலேயும் முகப்பில் மாட்டாத இன்னும் பதினோரு பேர். “ஐயையோ, புதுசா ஏத்துனது எல்லாமே தானா சேர்ந்திருக்கு. இதுல மூணு பேரு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிட்டாங்க அங்கிள். ஒருத்தர் போன வாரம் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறிட்டு வந்தாராம்.”

நல்லமுத்து தன் உதவியாளரை ஓரக்கண்ணால் பார்த்தார். பிரமிளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த விவரத்தக் குடுத்தது யாரு?”

“விஸ்வலிங்கம் அங்கிள்தான். முழுக்கைச் சட்டை, கையில ஒரு தாள். விலாசம் அனுப்பறேன், பாருங்கன்னேன். எங்கிட்ட அந்த மாதிரி ஃபோன் இல்ல, நீங்க சரியாத்தான் செஞ்சிருப்பீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.” கோப்பிலிருந்து தாளை உருவிக் கொடுத்தான்.

கோடு போட்ட தாளில் அளவெடுத்தாற்போல நீல மசிக் கையெழுத்து. நல்லமுத்து ஒரு தடவை படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். “இதத் தட்டுனது நீங்கதானா?”

“ஆமா அங்கிள். எழுதியிருந்தது எதையும் விடல.”

“எழுதியிருந்தத விடல. சரி.” தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இது எங்கிட்ட இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“வந்தவங்க மலர் வச்சு ரெண்டு வரி எழுதலாம். நாங்க பாத்து விட்டாத்தான் வெளிய தெரியும். இது மாட்டாத பக்கம்லா, அந்தப் பெட்டிய யாரு தொறக்கப்போறா…” என்று சொல்லிக்கொண்டே திறந்தவன் நிறுத்திவிட்டான்.

பதினேழு மலர்கள். பதினேழும் சனிக்கிழமை. அனுப்பியவர் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ஹைதர், புக்கிட் தெங்கா. கீழே ஒரு ஃபோன் எண்.

முதலாவது ஜூலை பன்னிரண்டு. ‘அம்மா, எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எட்டு நாள் ஆயிடுச்சு. மன்னிச்சிருங்க.’ மறுவாரத்திலிருந்து எல்லாமே மாலை நாலு மணி. ‘அம்மா, இன்னிக்கு நானே மீன்கறி வச்சேன். நீங்க சொன்ன மாதிரி புளி கம்மி.’ ‘அம்மா, சின்னவளுக்குப் பல்லு விழுந்துருச்சு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னா.’ கடைசியாகப் போன வாரம். ‘அம்மா, சொல்றதுக்கு ஒன்னும் இல்ல. சும்மா வந்தேன்.’

 மாதக்கணக்கில் ஒருவன் அம்மாவிடம் பேசியிருக்கிறான். அம்மாவோ அதே நாலு மணிக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நடுவில் இருபது மைல்கூட இல்லை. நல்லமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்றைக்கும் சனிக்கிழமை.

*

படி இறங்கும்போது பாதியிலேயே நின்றார். “பிரமிளா.”

“ம்.”

“இந்தப் படி செங்குத்தா இருக்குன்னு ஏறும்போது ஒரு வார்த்த சொல்லல. தண்ணீர்மலை ஏறுனவரப் பத்தி அவன் சொன்னப்பயும் வாயத் தொறக்கல. ஒரு மணி நேரமா நீ ஒரு கிண்டலும் பண்ணல. அந்த ஆன்லைன் ஆளு யாரு?”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தான் பாஸ்.”

நல்லமுத்து எதிர்பார்த்த பதில்தான். இருந்தாலும் கேட்டபோது கஷ்டமாக இருந்தது.

“படிச்சு முடிச்சு வேலை இல்லாதப்ப செஞ்சது. அவரு மூஞ்சிய நான் பாத்ததில்ல, அவரும் பாத்ததில்ல, எல்லாம் மெசேஜ்லதான். எல்லாப் பக்கமும் வரணும்னு எழுதியிருந்தாரு. நான் எல்லாப் பெட்டியிலயும் டிக் பண்ணிட்டேன். விட வேண்டிய பக்கம் எதாச்சும் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும் பாஸ். கேட்டிருந்தா அவரு சொல்லியிருப்பாரு. ஒரே ஒரு வார்த்த.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கு அவரு எனக்கு அஞ்சு ஸ்டார் குடுத்தாரு.”

தேற்றுவதற்கு நல்லமுத்துவுக்குத் தெரியாது. முதுகில் தட்டலாமா என்று பார்த்தார், கை எழவில்லை. “அழறதுன்னா காடில உக்காந்து அழு. புக்கிட் தெங்கா போற பாலத்துல ஜாமா இருக்கும்.”

காடியில் ஏறும்முன் அந்த எண்ணுக்கு அடித்தார். ஒரு பெண் எடுத்தாள். கணவரை ‘அபாங்’ என்று குறிப்பிட்டு, அவர் வேலைக்குப் போயிருக்கிறார், இன்று ஓவர்டைம் என்று மலாயில் சொன்னாள் நஜ்வா. எந்தத் தொழிற்சாலை என்பதையும் சொன்னாள். விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஃபோனில் சொல்கிற சேதி இல்லை இது என்று வைத்துவிட்டார்.

*

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலடிக்க எட்டு நிமிடம். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா பக்கிரிசாமி, ஹைதர் பெயரைக் கேட்டதும் மோட்டார் சைக்கிள் கொட்டகையைக் காட்டினார்.

“இப்ப வருவாரு. சனிக்கிழம நாலு மணிக்கு அங்கதான் உக்காருவாரு. அந்த நேரத்துல நாங்க யாரும் அவருகிட்டப் போய்ப் பேச மாட்டோம். யாரோ தவறிட்டாங்க போல.”

சரியாக நாலு மணிக்கு அவன் வந்தான். நாற்பத்திரண்டு வயது, நீலச் சீருடை, நரைத்த தாடி. பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தான். பார்த்தான். மறுபடி தட்டினான். எழுந்து நின்றான். சிக்னல் கிடைக்கவில்லையோ என்று வெயிலுக்கு வந்து ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். மறுபடி மறுபடி தட்டினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் நல்லமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பயந்துபோன ஸ்ரீகரன் பக்கத்தைத் தூக்கிவிட்டான். மகனுக்கு அம்மா இருந்த கடைசி இடமும் போய்விட்டது.

நல்லமுத்து காலை எடுத்து வைப்பதற்குள் பிரமிளா ஓடிவிட்டாள்.

“அண்ணே, அந்தப் பக்கத்த எடுத்துட்டாங்க. அது தப்பு. நான் செஞ்ச தப்பு. உங்கம்மா இருக்காங்கண்ணே.”

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். “எந்த அம்மா?”

“உங்கம்மாதான். கிரீன் லேன் வீட்டுல. ஜூலைல ஆஸ்பத்திரில இருந்தாங்க, சாகல. நாலு மாசமா நீங்க கூப்பிடுவீங்கன்னு ஃபோனப் பாத்துக்கிட்டிருக்காங்க.” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சைட்மேப், டிக் போட்ட பெட்டி, அஞ்சு ஸ்டார் வரைக்கும் எதையும் மறைக்கவில்லை.

அடிப்பானோ என்று நல்லமுத்து பயந்தார். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். “நான் அழுது முடிச்சுட்டேனே” என்றான். “ரெண்டாவது வாரமும் எடுக்கலைன்னு அம்மா பேர நெட்ல தேடுனேன், அந்தப் பக்கம் வந்துச்சு. அன்னிக்கே வீட்டுப் பக்கம் வந்தேன். பூட்டியிருந்துச்சு. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு திரும்பிட்டேன். நாப்பது நாள் சரியாச் சாப்பிடல. நஜ்வாதான் ஊட்டிவிட்டா.”  பிறகு அவன் குரல் இறுகியது. “இருந்தா மட்டும் என்ன? பிரியந்தியின் தாயார்னு போட்டிருந்துச்சு. என் பேர அப்பா அடிச்சுட்டாரு. செத்ததுக்குப் பொறகும் எனக்கு அம்மா இல்லைன்னு ஊருக்கே எழுதிக் காட்டிட்டாரு. அந்த வாசல்ல நான் எப்படி வந்து நிப்பேன்?”

நல்லமுத்து சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவன் முன்னால் விரித்தார்.

“உங்கப்பா கையெழுத்து தெரியும்லா? படிங்க. பிள்ளைகள்ங்கற இடம்.”

‘பிள்ளைகள்’ என்று எழுதி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. இரண்டுக்கு எதிரே பிரியந்தி. ஒன்றுக்கு எதிரே பெயர் இல்லை. அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு கோடு மட்டும் இருந்தது.

“தட்டுன தம்பி காலியா இருக்குன்னு விட்டுட்டான். அவன் மேல தப்பில்ல. உங்கப்பா முப்பது வருஷம் கிளார்க்கு வேலை பாத்தவரு. ஆள் இல்லைன்னா எண் போடுவாரா? பிரியந்திய ஒன்னுன்னு எழுதிட்டுப் போயிருப்பாரு. இங்க பாருங்க, கோட்டு மேல.”

கோட்டின் தொடக்கத்தில் ஒரு நீலப் புள்ளி இருந்தது. பேனா முனை ஒரே இடத்தில் ஊன்றி நின்றதில் மசி பரவி, தாளின் மறுபக்கம் வரை இறங்கியிருந்தது.

“ரொம்ப நேரம் வச்சுக்கிட்டே இருந்திருக்காரு. பழைய பேரு இப்ப உங்களுது இல்ல. புதுப் பேர எழுத அவருக்குக் கை வரல. இல்ல, தெரியவே தெரியாது. ஆனா உங்க இடத்த அவரு யாருக்கும் குடுக்கல தம்பி.”

அவன் அந்தப் புள்ளியைப் பெருவிரலால் தடவினான். கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதான். பக்கிரிசாமி வாசலிலிருந்து இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றுகொண்டார். பிறகு அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே ஓடினான்.

*

கிரீன் லேன் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை தாண்டியிருந்தது. விஸ்வலிங்கம் அப்போதுதான் நூல்நிலையத்திலிருந்து திரும்பி, இரும்புக் கதவின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். காடியிலிருந்து இறங்கியவனைப் பார்த்தார். சாவி அப்படியே நின்றது. எழுபத்தைந்து வயது மனிதர், முழுக்கைச் சட்டையில் பொத்தான் எல்லாம் போட்டு நின்றார். நல்லமுத்து எதற்கும் தயாராக இரண்டடி முன்னால் போனார்.

“உன்ன இப்ப என்னன்னு கூப்பிடறது?” என்று கேட்டார் விஸ்வலிங்கம்.

“ஹைதர்னு கூப்பிடுவாங்கப்பா. உங்களுக்கு எது வருதோ அப்படிக் கூப்பிடுங்க.”

கிழவரின் உதடு அசைந்தது. எந்தப் பெயரும் வெளியே வரவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, “உள்ள போ. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா” என்றார். மகன் தன்னைக் கடந்து போகும்போது அவன் முதுகில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார்.

அறையில் பிரியந்தி கட்டிலோரம் நின்றாள். ஞானாம்பிகை அம்மாள் தலையணையோடு தலையணையாக வற்றிப்போயிருந்தார். மகனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டான்.

“ராசா. கோவம் போயிடுச்சா?”

“கோவமே இல்லம்மா.”

“நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். ஃபோனு அலமாரில இருந்துச்சு. எடுக்கக்கூடாதுன்னு இல்ல ராசா. எடுக்க முடியல.”

“தெரியும்மா. தெரியும்.”

அவர் அவன் தாடியைத் தடவிப் பார்த்தார். நாலு மாதமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு முகமெல்லாம் பரவியது. கதவருகே நின்ற கணவரையும், மகளையும், யாரென்றே தெரியாத நல்லமுத்துவையும் பிரமிளாவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேலியாகச் சொன்னார்.

“நான் செத்தாத்தான் இவன் இந்த வீட்டுப் படி ஏறுவான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நல்லமுத்து போகவில்லை. எத்தனையோ பொய்க்காரர்களை முகத்துக்கு நேரே கிழித்தவர் அவர். இந்த ஒருவன் உண்மையைச் சொல்லிவிடக்கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டு நின்றார்.

அருணன் அம்மாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“வேலை ஜாஸ்திம்மா. ஓவர்டைம் மேல ஓவர்டைம். அதான் கூப்பிட முடியல. மன்னிச்சுக்குங்க.”

“அதுக்கு நாலு மாசமா?” என்று அவர் செல்லமாகக் கடிந்துகொண்டார். “ஒரு நிமிஷம்கூடவா கெடைக்கல?”

“கெடைக்கலம்மா” என்றான் அவன்.

ஒன்பதாம் நாள் காலையில் ஞானாம்பிகை அம்மாள் இறந்துபோனார். வேலை மும்முரத்தில் மகன் தன்னை நாலு மாதம் மறந்துவிட்டான் என்று நம்பியபடியே போனார். அவனும் கடைசிவரை அப்படியே நம்பவிட்டான்.